பெயர் வெடிகுண்டு, வேலை விளக்கு

கொரியர் தம்பி பெட்டியை நீட்டிக்கொண்டே, "என்னண்ணே, பாம் வாங்கியிருக்கீங்க?" என்று சிரித்தான். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் பொருளின் பெயர் 'ஆர்மி பாம்' என்றுதான் போட்டிருந்தது. பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக்குழுவின் ரசிகர்கள் கச்சேரியில் கையில் பிடித்து ஆட்டுகிற விளக்கு அது. 2019 டிசம்பர். மூத்தவள் பாப்பா அப்போது பத்தாம் வகுப்பு. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூறைத் தாண்டினால் வாங்கித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான். தொண்ணூற்று மூன்று எடுத்துவிட்டாள். அனுப்பும் செலவோடு சேர்த்து 4,800 ரூபாய்.

எனக்குத் தொழில் லைட்செட். திண்டுக்கல் வட்டாரத்தில் முப்பது வருடமாகக் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் விளக்குப் போடுகிறேன். மர உருளையில் செம்புத் தகட்டை ஒட்டி, மோட்டார் வைத்துச் சுற்றவிட்டு, சீரியல் பல்பை ஓடவைத்த காலத்திலிருந்து இன்றைய பிக்சல் எல்.இ.டி. வரை கையில் தொட்டவன். அதனால் பி.டி.எஸ். பாட்டு எப்படி, ஆட்டம் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். இந்த விளக்கைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். ஆறு வருடம் வீட்டில் இருந்த பொருள் இது. கொரியப் பாட்டுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏன் இப்படிக் கிறங்குகிறார்கள் என்பதே எனக்கு இந்த விளக்கின் வழியாகத்தான் கொஞ்சம் பிடிபட்டது.

முதலில் ஏமாந்த கதை. அசல் வாங்குவதற்கு முன்னால், அதே வருடம் அக்டோபரில், ஆன்லைனில் ஏதோ ஒரு கடையில் 1,150 ரூபாய்க்கு ஒன்று வரவழைத்தோம். படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. எரியவும் செய்தது. ஆனால் போனோடு சேரவே இல்லை. பாப்பா அழுததைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கழற்றினேன். உள்ளே வண்ணம் மாறும் எல்.இ.டி. ஒன்று, அதை மாற்ற ஒரு பொத்தான், மூன்று செல்லுக்கு இடம். ப்ளூடூத்துக்கான சில்லே கிடையாது. தேர்க்கடையில் விற்கிற மினுக்கு விளக்குக்கும் அதற்கும் உருவத்தில்தான் வித்தியாசம். அதை இப்போது என் தம்பி மகன் வைத்து விளையாடுகிறான்.

அசலைக் கழற்ற எனக்கு அனுமதி இல்லை. "அப்பா, ஸ்க்ரூ டிரைவரோட பக்கத்துல வந்தீங்கன்னா பாருங்க" என்று அன்றே சொல்லிவிட்டாள். ஆகவே வெளியிலிருந்து பார்த்ததைத்தான் எழுத முடியும். இது மூன்றாம் பதிப்பு, 2018-ல் வந்தது. கறுப்புக் கைப்பிடி, அதன் தலையில் பெரிய மாதுளை அளவுக்குக் கண்ணாடிபோன்ற ப்ளாஸ்டிக் உருண்டை, உருண்டைக்குள் குழுவின் சின்னம் போட்ட ஒரு சின்ன வெடிகுண்டு. குழுவின் முழுப்பெயர் பாங்தான் சோன்யோன்தான். குண்டு துளைக்காத பையன்கள் என்று பொருளாம். 2013 ஜூன் 13-ல் அறிமுகமானவர்கள். ரசிகர் கூட்டத்துக்குப் பெயர் ஆர்மி. பட்டாளத்துக்கு ஒரு குண்டு, சரிதானே. மூன்று ஏ.ஏ.ஏ. செல் போடவேண்டும், பெட்டியில் செல் வராது. கையில் பிடித்தால் எடை கைப்பிடிப் பக்கம் இறங்கி நிற்கிறது. ஒருமணி நேரம் ஆட்டினாலும் மணிக்கட்டு வலிக்காத மாதிரி யோசித்துச் செய்திருக்கிறார்கள். வெள்ளை ஒளி கண்ணைக் குத்தவில்லை. எல்.இ.டி.யின் புள்ளி வெளியே தெரியாமல் ஒளியை உருண்டை முழுக்கப் பரவவிடுவது லேசான வேலை இல்லை. நாங்கள் அதற்குப் பால் நிறத் தகடு போடுவோம். இங்கே தெளிந்த உருண்டைக்குள்ளேயே அதைச் சாதித்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான் என்றால் 4,800 ரூபாய்க்கு நான் மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். 2020 ஏப்ரல் 18-ஆம் தேதி காலை வரைக்கும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன்.

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள். எங்கள் தொழிலில் வருடச் சம்பாத்தியத்தில் பாதி பங்குனி, சித்திரையில்தான். அந்த வருடம் மார்ச் 25-லிருந்து ஊரடங்கு. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கப் போவதில்லை என்றே ஆகிவிட்டது, அப்புறம் எங்கள் ஊர்க் கொடியேற்றம் எங்கே. குடோனில் டியூப்லைட்டும் முகப்புப் பலகையும் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. இரண்டு ஜெனரேட்டர்களையும் பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை சும்மா ஓடவிட்டு நிறுத்துவேன். வேலையாட்கள் நான்கு பேருக்குக் கொடுத்த பணம் போக, வீட்டில் மிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்துகொண்டிருந்தோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அன்று காலை எட்டு மணிக்குப் பாப்பா தன் அறை ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டுகிறாள். "ஏங்க, பரீட்சை எப்பன்னு தெரியாம இருக்கு, இவ சினிமாக் கொட்டகை கட்டுறா பாருங்க" என்று வீட்டுக்காரி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். பி.டி.எஸ்.ஸின் பழைய கச்சேரிகளை யூடியூபில் இரண்டு நாள் இலவசமாகப் போடுகிறார்களாம். கொரியாவில் மதியம் பன்னிரண்டு என்றால் நமக்குக் காலை எட்டரை. விளக்கை ப்ளூடூத்தில் வைத்து, வீவர்ஸ் என்ற அவர்களுடைய செயலியோடு சேர்த்தால், பாட்டுக்கு ஏற்றபடி அதுவே நிறம் மாறுமாம். எங்கள் போன் பழசு, மூன்று தடவை சேராமல் படுத்தியது. ஆண்ட்ராய்டு போனில் இருப்பிட அனுமதியைக் கொடுக்காவிட்டால் ப்ளூடூத் பக்கத்தில் இருக்கிற பொருளைத் தேடாது. அதை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். எல்.இ.டி. கன்ட்ரோலரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா.

எட்டரை ஆயிற்று. இருட்டறை. பாப்பா கட்டிலில், நான் கதவோரம் நிற்கிறேன். திடீரென்று விளக்கு அவள் கையில் தானாக நிறம் மாறியது. அவள் ஒன்றையும் அழுத்தவில்லை. பாட்டு ஏறும் இடத்தில் விளக்கும் மாறியது, இறங்கும் இடத்தில் அதுவும் இறங்கியது. அறைச் சுவர், சாமி படம், புத்தக அலமாரி, என் பனியன் எல்லாம் ஒரே நிறத்தில் முங்கி எழுந்தன. நான் எத்தனையோ லட்சம் பல்பு போட்டிருக்கிறேன். ஒரே ஒரு பல்பைப் பார்த்து வாய் பிளந்து நின்றது அன்றைக்குத்தான்.

அப்புறம்தான் கணக்கு வந்தது. அந்த இரண்டு நாளில் உலகத்தில் 162 இடங்களிலிருந்து சுமார் 5 லட்சம் விளக்குகள் அப்படிச் சேர்ந்திருந்தன என்று அறிவித்தார்கள். ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் அதிகபட்சம் 22 லட்சத்துக்கு மேல். ஐந்து லட்சம் விளக்கு, ஒரு வயர் கிடையாது, ஒரு கம்பம் கிடையாது, எல்லாம் அவரவர் வீட்டுக்குள். ஊரே அடைபட்டுக் கிடந்த நாளில் அவர்கள் திருவிழா நடத்திவிட்டார்கள். எனக்கு அன்றைக்குப் பொறாமையாகவே இருந்தது. மறைப்பானேன்.

கச்சேரி மைதானத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்பது அதைவிட அழகு. நாங்கள் கோயில் முகப்பில் முருகன் படம் போடுகிறோம் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விலாசம் உண்டு. கன்ட்ரோலர் டேட்டா வயர் வழியாக 'நீ சிவப்பு, நீ பச்சை' என்று சொல்லிக்கொண்டே போகும். நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் அவிந்துபோகும், வேலாயுதம் பாதியில் நிற்கும். அங்கே, ரசிகர் உள்ளே நுழைவதற்கு முன் செயலியில் தன் இருக்கையைப் பதிந்துகொள்ளவேண்டும். அந்த விலாசம் விளக்குக்குள் ஏறிவிடும். அப்புறம் மைதானத்திலிருந்து கம்பியில்லாமல் கட்டளை வரும். இந்தப் பகுதி ஊதா, அந்தப் பகுதி வெள்ளை, இப்போது அலையாக ஓடு. ஒரு பெண்ணின் செல் தீர்ந்தால் அவள் விளக்கு மட்டும்தான் அணையும். 2019 ஜூன் 1, 2 தேதிகளில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கச்சேரியைப் பாப்பா போட்டுக் காட்டினாள். மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மேடைக்கு விளக்குப் போடுகிறவன், ஜனம் இருட்டில் நின்று பார்க்கும். இவர்கள் ஜனத்தையே முகப்பாக்கிவிட்டார்கள். அந்தப் படத்தில் தான் எந்தப் புள்ளி என்று கையில் பிடித்திருக்கிற பெண்ணுக்குத் தெரியாது, எட்ட இருப்பவருக்குத்தான் படம் தெரியும். ஆனாலும் தான் இல்லாவிட்டால் அங்கே ஒரு ஓட்டை என்பது அவளுக்குத் தெரியும்.

பிள்ளைகளைக் கட்டிப்போடுவது இதுதான் என்று நினைக்கிறேன். பாட்டு நன்றாக இருக்கிறது, ஆட்டம் சுத்தமாக இருக்கிறது, பையன்கள் பார்க்க லட்சணமாக இருக்கிறார்கள், எல்லாம் சரி. அது உலகத்தில் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. இவர்கள் ரசிகருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார்கள்.

பாட்டுக்குள்ளேயே அந்த வேலை உண்டு. பூசானில் 2022 அக்டோபர் 15-ல் நடந்த கச்சேரி, 2023 பிப்ரவரியில் படமாகத் தியேட்டருக்கு வந்தது. பாப்பா கோவையில் கல்லூரி முதல் வருடம். தோழிகளோடு போகிறாள், ராத்திரிக் காட்சி என்று துணைக்குப் போனேன். கூட்டத்தில் மீசை வைத்தவன் நான் ஒருவன்தான். பாட்டு தொடங்கியதும் கொட்டகை முழுக்க ஒரே குரலில், "கிம் நம்ஜூன், கிம் சாக்ஜின், மின் யூன்கி, ஜங் ஹோசாக், பார்க் ஜிமின், கிம் தேஹ்யங், ஜான் ஜங்குக், பி.டி.எஸ்.!" எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எதைக் கத்தவேண்டும் என்று வரிசையே இருக்கிறதாம், புதுப்பாட்டு வரும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடுமாம். எனக்குப் பழனிப் பாதயாத்திரைதான் ஞாபகம் வந்தது. முன்னால் போகிறவர் "கந்தனுக்கு" என்றால் பின்னால் வருகிறவன் வாயை மூடிக்கொண்டா வருவான்? நடந்து நடந்து கால் கொப்பளித்தவனும் "அரோகரா" சொல்லும்போது ஒரு எட்டு வேகமாக வைப்பான். இடைவேளைக்குள் நானும் இரண்டு பெயரைப் பிடித்துக்கொண்டேன். பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள்.

மொழி தெரியாமல் எப்படி என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மொழி தெரியாததும் அவர்களுக்கு ஒரு வேலைதான். புதுப்பாட்டு வந்த சில மணி நேரத்தில் ரசிகர்களே ஆங்கிலத்தில் அர்த்தம் போட்டுவிடுகிறார்கள். இவளும் தோழி ஒருத்தியும் சேர்ந்து கொஞ்ச நாள் தமிழில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கில் கொரிய எழுத்தையும் கற்றுக்கொண்டாள். அங்கே சேஜோங் என்ற ராஜா 1446-ல் குடிமக்களுக்காக வெளியிட்ட எழுத்து, இப்போது அடிப்படை எழுத்து 24. நம் 247-ஐ எழுதிப் பழகியவளுக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. அங்கேயும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள் என்றாள். அதைக் கேட்டதும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் கொரிய மொழி தமிழிலிருந்துதான் பிறந்தது என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டார். மொழியறிஞர்கள் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்று பாப்பாவே எழுதிப்போட, அவர் குழுவை விட்டே போய்விட்டார்.

இந்த விளக்குக்கு ஒரு பரம்பரையும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் கொரிய ரசிகர்கள் பலூன் வைத்திருந்தார்கள். எச்.ஓ.டி. என்ற குழுவுக்கு வெள்ளை, செக்ஸ்கீஸ் குழுவுக்கு மஞ்சள், ஷின்ஹ்வாவுக்கு ஆரஞ்சு. நம் ஊரில் கட்சிக்கரை வேட்டி மாதிரி, நிறத்தைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். 2006-ல் வந்த பிக்பேங் குழுவுக்குக் கிரீடம் வைத்த மஞ்சள் விளக்கு வந்தது. ஒரு குழுவுக்கென்றே உருவம் கொடுத்துச் செய்த விளக்குகளுக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று. பிளாக்பிங்க்குக்குச் சுத்தியல், ட்வைஸுக்கு மிட்டாய்.

விளக்கை ஏற்றுவது அன்பு என்றால் அணைப்பது அடி. 2008 ஜூன் 7, சியோலில் பல குழுக்கள் சேர்ந்த கச்சேரி. கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழு மேடை ஏறியபோது மற்றக் குழுக்களின் ரசிகர்கள் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு மௌனமாக உட்கார்ந்துவிட்டார்கள். கறுப்புக் கடல் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஒன்பது சின்னப் பெண்கள் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு ஆடி முடித்தார்கள். சாமி புறப்பாட்டில் நடுத்தெருவில் ஜெனரேட்டர் நின்றால் என் வயிறு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை வேண்டுமென்றே ஒருவர் செய்வது என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. ரசிகர் கூட்டத்தின் இந்த முகத்தையும் சொல்லாமல் விட்டால் விமர்சனம் முழுசாகாது.

அதே விளக்கை 2024 டிசம்பரில் செய்தியில் பார்த்தேன். 3-ஆம் தேதி இரவு கொரிய ஜனாதிபதி யூன் ராணுவச் சட்டம் போட்டார், விடிவதற்குள் ரத்தானது. அவரை நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் கூடிய கூட்டத்தில் இளம் பெண்கள் கையில் எல்லாம் இந்த விளக்குகள். ஒரு குழு ரசிகர் என்றில்லை, சுத்தியல், மிட்டாய், கிரீடம், எங்கள் வீட்டு வெடிகுண்டு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். 2016-ல் அங்கே இன்னொரு ஜனாதிபதிக்கு எதிராக மெழுகுவர்த்திப் போராட்டம் நடந்தபோது, காற்றடித்தால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று ஒரு எம்.பி. பேசினார். இது காற்றுக்கு அணையாது. 14-ஆம் தேதி பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியபோது கூட்டம் கேர்ள்ஸ் ஜெனரேஷனின் பழைய பாட்டைத்தான் பாடியது. பாப்பா கோவையிலிருந்து போன் செய்து, "அப்பா, நம்ம லைட்டு!" என்றாள். நம்ம லைட்டு என்று அவள் சொன்னதை நான் திருத்தவில்லை.

இனி வியாபாரம். இதில் இருக்கிற எல்.இ.டி., சில்லு, ப்ளாஸ்டிக் எல்லாம் சேர்த்து என் கணக்கில் ஐந்நூறு, அறுநூறைத் தாண்டாது. மிச்சக் காசு குழுவின் பெயருக்குத்தான். புதுப் பதிப்பு வந்தால் பழையது வைத்திருப்பவருக்கு மனசு அரிக்கும், அதுவும் அவர்களுக்குத் தெரியும். ஆல்பம் வாங்கினால் உள்ளே எந்தப் பையனின் படச்சீட்டு வரும் என்று தெரியாது, அதற்காக ஒரே ஆல்பத்தை நான்கைந்து வாங்குகிற பிள்ளைகள் உண்டு. நாங்கள் சின்ன வயசில் பபிள்கம் பொட்டலத்தில் கிரிக்கெட் படம் தேடியதுதான், காசு மட்டும் கூட. இவளிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்: விளக்கு ஒன்று, ஆல்பம் வருடத்துக்கு ஒன்று. முறைத்தாள், ஒத்துக்கொண்டாள்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. விலை பாதிக்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் தள்ளிவிடுங்கள், அது எரியும், சேராது. விற்கிறவரிடம் செயலியோடு சேர்த்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் தெரிந்துகொள்ளலாம். மூன்று செல்லையும் ஒன்றாக மாற்றுங்கள், பழசும் புதுசும் கலந்தால் ஒளி மங்கும். கச்சேரிக்கோ தியேட்டருக்கோ போனால் ஒரு ஜோடி மாற்று செல் எடுத்துப்போனால் போதும் என்று நினைக்காதீர்கள், மூன்று வேண்டும். அந்தத் தப்பை நாங்கள் கோவையில் செய்தோம்.

நான்கரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அரை நட்சத்திரம் சார்ஜ் ஏற்ற முடியாததற்காகக் குறைத்தது.

பாப்பா இப்போது வேலைக்குப் போய்விட்டாள், அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். விளக்கு இங்கே, சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில். போன வருடம் மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தால் செல் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. நான் கழற்றி வைக்க மறந்ததுதான் காரணம். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, புது செல் போட்டேன். எரிந்தது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.